நாய் செத்துப்போச்சு, நல்லது

அன்புள்ள பிரென்னா,

டார்வினில் நீயும் குட்டி ரோரியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் சுகம்தான், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இங்கே அறுவடை தொடங்கிவிட்டது, வாசல் முழுக்கக் கோதுமைத் தூசி, துணி காயப்போட வழியில்லை. பக்கத்து வீட்டு நெவில் உன் அறை ஜன்னலைச் சரிசெய்து கொடுத்தான், அதற்குக் கூலியாக எலுமிச்சைக் கேக் முழுவதையும் தின்றுவிட்டுப் போனான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்குள் வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்றேன் அல்லவா, அதைத் தலைமையாசிரியர் ஹாடோவிடம் போன செவ்வாய்க்கிழமை சொல்வதாக இருந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. மூன்றாம் வகுப்பில் எல்க்கி என்று ஒரு பெண் இருக்கிறாள், இந்தப் பள்ளிக்கூடத்தில் காது கேட்காதவர்கள் அவளும் நானும்தான். மற்றப் பிள்ளைகள் அவளோடு பேசவேண்டும் என்றுதான் எனக்கு ஆஸ்லான் கைமொழி வகுப்பையே கொடுத்தார்கள். நானும் அன்றாடப் பேச்சு என்று சொல்லிக்கொடுத்தேன், எப்படி இருக்கே, என்ன சாப்பிட்டே, வீட்டுல நாய் இருக்கா, நல்லது. பிள்ளைகளின் கைகள் அழகாக ஓடின, எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எல்க்கியோ சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். எல்லாரும் நாய் இருக்கான்னு கேக்கறாங்க, செத்துப்போச்சுன்னு சொல்றேன், கட்டைவிரலைத் தூக்கி நல்லதுன்னு சொல்லிட்டு ஓடிடறாங்க, தினமும் இதேதான் என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். கேட்கச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, பதிலைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களிடமிருந்து கண்ணை எடுப்பது காதைப் பொத்திக்கொள்வதுதான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்.

செவ்வாயன்று பழைய பாடத்தைத் தூக்கிப் போட்டேன். எல்க்கி சொன்ன பதிலைத் திருப்பிச் சொல்லிக் காட்டினால்தான் அடுத்த கேள்வி என்றேன். ஜாஸ்பர் என்கிற வாயாடி முன்னால் வந்து நாய் எப்படிச் செத்தது என்று கேட்டான், எப்படி, ஏன் என்று கேட்கும்போது கைமொழியில் புருவத்தைச் சுருக்க வேண்டும், அவனோ மேலே தூக்கிக்கொண்டு. எல்க்கி சிரித்துவிட்டாள். அவன் புருவத்தை விரலால் அழுத்திக் கீழே இறக்கி, இப்ப கேளுடா மண்டு என்றாள். பிறகு சொன்னாள், கோழிக்கூண்டுப் பக்கம் பழுப்புப் பாம்பு வந்ததாம், நாய் அவளுக்கும் பாம்புக்கும் நடுவே போய் நின்றதாம், அப்பாவின் வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். ஒரு பிள்ளையும் கண்ணை எடுக்கவில்லை. ஜாஸ்பர் தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொன்னான், பாம்பை மட்டும் மீனாக்கிவிட்டான். அன்று அவள் வெளியே மரத்தடிப் பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அதன் பிறகுதான் ஹாடோவின் அறைக்குப் போனேன். நான் எதையும் எழுதிக் காட்டுவதற்குள் அவர் வாய் அசைந்தது, அடுத்த வருஷமும் உங்களையே போட்டாச்சு, உங்களை விட்டா இந்தப் பக்கம் யாரு இருக்கா என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை, ஆனாலும் மூச்சு முட்டுகிறது. ரோரி நடக்கத் தொடங்குவதைப் பார்க்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. நான் கிளம்பினால் அந்தப் பிள்ளைகளின் கைகள் ஒரு கோடை விடுமுறையில் எல்லாவற்றையும் மறந்துவிடும், எல்க்கி மறுபடி கழிப்பறைக்குப் போவாள். இங்கே இருந்தாலும் எனக்கு உறுத்தல், அங்கே வந்தாலும் உறுத்தல். நான் வரவில்லை பிரென்னா.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்கவேண்டும். புயல் சீசன் வருகிறது, டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வை. ரோரியிடம் தினமும் கையால் பேசு. வீடியோ அழைப்பில் சொல்லியிருக்கலாமே என்று கோபித்துக்கொள்வாய். நம் கைமொழியில் முகமும் சேர்ந்தல்லவா பேசுகிறது. கை வரமாட்டேன் என்று சொல்லும்போது முகம் வருகிறேன் என்று சொல்லியிருக்கும், நீ முகத்தைத்தான் நம்பியிருப்பாய்.

உன் அம்மா,
மேவிஸ்