தாய்மாமன் கொடுத்த வாக்கு

கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையில் பணிபுரியும் தம்பி பாலினுஸுக்கு, ராவென்னாவிலிருந்து அக்கா கால்வினா எழுதுவது. கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். நான் சுகமாக இல்லை. காரணம் நீதான்.

கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, என் மகள் செவேராவைத் தளபதி சிகிமருக்குக் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறாய். அவளுக்குப் பதினான்கு வயது. அவருக்குத் தாடியெல்லாம் நரை. சக்கரவர்த்தியிடமும் சொல்லிவிட்டாயாம், இனி மறுத்தால் குடும்பத்துக்கே ஆபத்தாம். சொல்வதற்கு முன் பெற்றவளை ஒரு வார்த்தை கேட்டாயா? தாய்மாமன் என்றால் தலைக்கு மேலே கொம்பா?

போன வாரம் அவரே பெண் பார்க்க வந்துவிட்டார். முற்றமெல்லாம் அவருடைய கோத்திய இனத்துச் சிப்பாய்கள். என் ரோஜாப் பாத்தியில் குதிரையைக் கட்டினார்கள். செவேரா குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு, "மாமாவுக்கு அவ்வளவு ஆசைன்னா அவரே கட்டிக்கட்டும்!" என்று கத்தினாள். எனக்கு உயிரே போயிற்று. தளபதியோ சிரித்தார். "பொண்ணுக்கு வாய் நீளம்" என்றார்.

"வாய்தான் நீளம், வயசு இல்லை" என்றேன்.

மனிதர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். "அம்மா, இந்த ஊர்ப் பெரியவங்க என் வாளுக்குப் பயப்படுறாங்க, என்னை மதிக்கிறதில்லை. பழைய குடும்பத்துல ஒரு சம்பந்தம் வேணும். பொண்ணு யாராயிருந்தா என்ன?"

"அப்போ என்னையே கட்டிக்கோங்க."

மதுக்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "விளையாடுறீங்களா?"

"விளையாடுற வயசா எனக்கு?"

ஒப்புக்கொண்டார். உயிர்ப்புத் திருநாள் கழிந்ததும் திருமணம். உன் வாக்கும் பிழைத்தது, உன் பதவியும் பிழைத்தது.

துறைமுகத்துப் பெண்கள் மடத்தில் எனக்கென்று வெள்ளையடித்து வைத்திருந்த அறையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். என் கணவர் இறந்த நாளிலிருந்து நான் காத்திருந்த அறை அது. இதற்காக நீ உருகி உருகிக் கடிதம் எழுதாதே. படிக்க எனக்குப் பொறுமை இல்லை.

செவேராவிடம், தளபதியை எனக்குப் பிடித்துப்போயிற்று என்று சொல்லியிருக்கிறேன். "அப்பா கல்லறைக்கு இனி எந்த மூஞ்சியோட போவே?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும். உண்மை தெரிந்தால் அந்தப் பைத்தியம் தானே போய் தளபதிக்குக் கழுத்தை நீட்டும்.

நீ அவளுக்கு எழுதினால், அக்கா சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், ஆசைப்பட்டதை விடமாட்டாள் என்று மட்டும் எழுது. உனக்குப் புண்ணியமாகப் போகும், வேறொன்றும் எழுதிவிடாதே. கர்த்தர் உன் வாய்க்குக் காவல் வைக்கட்டும்.

உன் அக்கா,
கால்வினா