ஒரு படிக்கு இரண்டு கால்

என் மகளுக்கு,

நீ வேண்டாமென்று சொல்லியும் இன்று துறைமுகத்துக்கு வந்தேன். அப்பாவின் தொலைநோக்கியும் கூட வந்தது.

துறைமுகத்துக்கு வெளியே, கடலில் மலைபோல் ஒரு கப்பல். அதன் பக்கவாட்டில் தொங்கிய கயிற்றேணியில், சிறு படகிலிருந்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நீ ஏறினாய். இரும்புப் பட்டை கட்டிய காலோடு சிறுவயதில் அப்படி மாடியேறியபோது, "ஒரு படிக்கு ஒரு கால்!" என்று அதட்டியவள் நான். கப்பல் படிப்புக்கான உன் விண்ணப்பத்தைப் பீரோவில் பூட்டியவளும் நானே.

பக்கத்தில் நின்ற காவலாளி, "அந்தம்மா ஏறி வழிகாட்டினாத்தான் கப்பல் உள்ள வரும்" என்றார்.

"தெரியும். அது என் மக."

நீ மேலேறி மறைந்தாய். அந்த மலை துறைமுகத்தை நோக்கி மெல்ல நகர்ந்தது.

என் முழங்கால் வலிக்கு உன்னைப்போல்தான் படியேற வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. கௌரவம் விடவில்லை. இன்று அப்படித்தான் மாடியேறினேன்.

உன் அம்மா