சாலைக்கு இந்தப் பக்கம் வேறு கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கொஞ்சம் அலுப்பு, அவ்வளவுதான்.

சலவை ஆலைக்காரர்கள் எங்களைப் பெரிய சாலைக்கு இந்தப் பக்கம் குடிமாற்றிவிட்டார்கள். போன வாரம் லேசாகக் காய்ச்சல், பயப்படாதீர்கள். மாடிப்படிக்கு அடியில் உள்ள தொலைபேசியில் மேற்பார்வையாளரின் எண்ணை வழக்கம்போல் அழுத்தி, "சார், காய்ச்சல், இன்னைக்கு வர முடியல" என்றேன்.

"அதுக்கென்னம்மா, சுடுதண்ணி குடிச்சிட்டு நல்லாத் தூங்கு" என்றது குரல். அந்தச் சிடுமூஞ்சிக்கு இவ்வளவு நல்ல மனசா என்று அசந்துபோனேன்.

மறுநாள் வேலைக்குப் போனதும் மேற்பார்வையாளர், "சொல்லாம கொள்ளாம நின்னுட்டா சீட்டைக் கிழிச்சிடுவேன்!" என்று குதித்தார். விசாரித்தபின்தான் விளங்கியது. சாலையைத் தாண்டினால் ஏரியா கோடு வேறாம். இங்கிருந்து அவரைக் கூப்பிட, எண்ணுக்கு முன்னால் அந்தப் பக்கத்துக் கோடு போட வேண்டும். போடாவிட்டால் அதே எண்ணில் இந்தப் பக்கத்துத் தையல்கடைதான் கிடைக்கும். உண்மை தெரிந்ததும் முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்கத் தையல்காரரைக் கூப்பிட்டேன். குரலைக் கேட்டதுமே, "காய்ச்சல் விட்டுச்சாம்மா?" என்றார். இங்கே அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

முடிந்தால் தைலமும் ஒரு கெட்டிப் போர்வையும் அனுப்புங்கள். இந்தப் பக்கத்து ஏரியா கோடு, எண் இரண்டையும் உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடுங்கள் அப்பா. வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் சின்னவள்