ட்ரெய்லர் பிரேக் பிடிக்காத நாட்கள்

ஜூன் 10, 2025, செவ்வாய்

இன்றும் சிவப்பு விளக்கு. அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு வாடகை ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் யார்டில் ட்ரெய்லரைப் பிக்கப்பில் மாட்டும்போது, டேஷ்போர்டில் இருக்கிற ட்ரெய்லர் பிரேக் பெட்டியில் பச்சை எரிந்தது. பல்லடம் ரோட்டில் முதல் குழியில் இறங்கியதும் சிவப்பு. சிவப்பு என்றால் ட்ரெய்லர் சக்கரத்துக்குக் கரண்ட் போகவில்லை, அங்கே பிரேக் பிடிக்காது. பின்னால் ஒன்றரை டன் தள்ளிக்கொண்டு வர, பிக்கப்பின் பிரேக்கை மட்டும் நம்பி நான். இருபத்தாறு வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இது வேண்டுமா?

எலக்ட்ரீஷியன் ஜெயபாண்டியிடம் சொன்னேன். உசிலம்பட்டிக்காரன். ஓனர் கொடுத்த ஒற்றை அறையில், யார்டுக்குப் பின்னாலேயே, பெண்டாட்டி மகளோடு இருக்கிறான். வந்து, ட்ரெய்லருக்குக் கரண்ட் போகிற பிளக்கை மாட்டினான். பச்சை எரிந்தது. "நல்லாத்தான இருக்கு, கன்னையண்ணே" என்றான். நான் என்னமோ கதை விடுகிற மாதிரி ஒரு பார்வை வேறு.

ஜூன் 13, வெள்ளி

ஜெயபாண்டி எர்த் கம்பியைக் கழற்றி, சேஸில் பெயிண்டைச் சுரண்டி, மறுபடி முறுக்கினான். பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி கொடுத்தான். சக்கரத்தில் பிரேக் கப்பென்று பிடித்தது.

"சக்கரத்துல பிரேக் காந்தம் ஓகே, பெட்டியும் ஓகேண்ணே. நடுவுல எங்கயோ விடுது."

நடுவில் எங்கே என்று கண்டுபிடிக்கத்தானே நீ இருக்கிறாய்? வயிற்றெரிச்சலோடு கிளம்பினேன். வீரபாண்டி சாயப்பட்டறையில் ட்ரெய்லரை விட்டுவிட்டு, தூசி போகாமலிருக்க வழக்கம்போல் ட்ரெய்லர் பிளக்கில் பனியன் வேஸ்ட் துணியைச் சுற்றி எலாஸ்டிக் போட்டுக் கட்டினேன். இந்த அக்கறை கூட எனக்குத்தான் இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

மறுபடி சிவப்பு. ஓனர் சென்னிமலையிடம் சொன்னேன். "பாத்து ஓட்டுங்கண்ணா" என்கிறார். பார்த்தால் பிரேக் பிடிக்குமா?

ஜூன் 18, புதன்

இன்று நடந்தேவிட்டது.

காலையில் மண்ணரையில் முன்னால் போன கம்பெனி வேன் சட்டென்று நின்றது. மிதித்தேன். பிக்கப் நின்றிருக்கும் — பின்னால் இருந்தது நிற்கவில்லை. அப்படியே தள்ளிக்கொண்டு போய் வேனில் மோதியது. உள்ளே பதினொரு பெண்கள். சித்ராதேவி என்று ஓவர்லாக் தைக்கிற பெண்ணுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டது. அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அழவே இல்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓனர் வந்தார். எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்: "ஒயரிங் வேலை சரியில்லீங்க. எத்தன தடவ சொன்னனுங்க நானு." ஜெயபாண்டி அங்கேயேதான் நின்றான். "தேடிக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்றான்.

நான் என்ன இல்லாததையா சொன்னேன்? எம்மேல என்ன தப்பு இருக்குது?

ஜூன் 20, வெள்ளி

ஜெயபாண்டியை நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அறையையும் காலி செய்ய வேண்டும். அவன் பெண்டாட்டி ஒச்சம்மாள் யார்டு கேட்டுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

"புள்ளைக்கு இப்பத்தாண்ணே ஸ்கூல் தொறந்திருக்கு. நீங்க சொன்னா ஓனரு கேப்பாரு. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

நான் என்ன செய்ய முடியும் என்று நகர்ந்துவிட்டேன். வீட்டில் என் பெண்டாட்டி மயிலாளிடம் சொன்னால், அவளும் "பாவமுங்க அந்தப் புள்ள" என்கிறாள். அந்தச் சித்ராதேவி கை பாவமில்லையா என்று கத்தினேன். தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்தேன்.

ஜூன் 21, சனி

புது எலக்ட்ரீஷியன் வந்தாயிற்று. தரணி, ஓனரின் மச்சினன். ஓட்டிப் பார்த்தார், சிவப்பு. நேராகப் பின்னால் போய்ப் பிளக்கைப் பிரித்தார். ஓனரும் நானும் பக்கத்தில் நின்றோம். உள்ளே பித்தளைப் பின்களெல்லாம் களிம்பு. களிம்புக்குள் வெள்ளை நூல்.

"இதுல யாருங்க துணி சுத்துனது? பட்டறை உப்புத்தண்ணியெல்லாம் துணி குடிச்சு வெச்சிருக்குது. மாட்டறப்ப உரசுதுங்க, அதனால பச்சை எரியுது. குழியில குலுங்குனா விட்டுப்போகுது."

ஓனர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஜெயபாண்டிதானுங்க" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று எழுத நினைத்தேன். வாய் தவறவில்லை. ஐம்பத்து மூன்று வயது, இந்த வேலை போனால் எவன் வண்டி கொடுப்பான், ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது — இவ்வளவையும் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். இவ்வளவு யோசிக்க இத்தனை கொஞ்ச நேரம் போதும் என்று இன்றுதான் தெரிந்தது.

ஜூன் 22, ஞாயிறு

விடிந்ததும் ஓனர் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னங்கண்ணா?" என்றார். நாளைக்கு எந்தக் கம்பெனிக்கு வண்டி என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். த்தூ.

யார்டில் ஜெயபாண்டி குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். கட்டிலுக்கு ஒரு கை கொடுத்தேன். "உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்" என்றான். அவன் மகள் புத்தகப் பையை மாட்டிக்கொண்டே முன் சீட்டில் ஏறினாள். போகும்போது வர்றேண்ணே என்றான். தலையாட்டினேன்.

ஜூலை 9, புதன்

பதினெட்டு நாளாகப் பச்சைதான். அதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மத்தியானம் ஒரு போன். பெருமாநல்லூரில் ஜெனரேட்டர் யார்டு வைத்திருக்கிற ஆறுச்சாமி என்றார். முன்பின் பழக்கமில்லை.

"ஜெயபாண்டின்னு ஒரு எலக்ட்ரீஷியன் வேலை கேட்டு வந்திருக்கறாருங்க. விசாரிக்கோணும்னா கன்னையண்ணனைக் கேளுங்க, அவரு நெசத்தைச் சொல்லுவாருன்னு உங்க நம்பரைத்தான் குடுத்தாரு. ஆளு எப்படிங்க?"

நல்ல வேலைக்காரன் என்றேன். அது உண்மைதான்.

"அப்புறம் ஏனுங்க நிறுத்துனாங்க?"

வண்டியை ஓரம் கட்டித்தான் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஆள் யாரும் இல்லை. சொல்லியிருக்கலாம்.

"அது எங்க ஓனரைக் கேட்டுக்குங்க" என்று சொல்லி, ஓனர் நம்பரைக் கொடுத்தேன். ஓனர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னதைத்தான் சொல்வார்.