கதவு கவ்விய சீட்டு

மெக்கானிக் சாருக்கு,

இந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவு இடுக்குல செருகிட்டு வேலைக்குக் கிளம்புறேன். கதவைத் திறக்காம உருவ முடிஞ்சுதா? முடிஞ்சிருக்காதே!

ஃபிரிட்ஜ் கூலாகலையே, கதவைப் பாருங்கன்னதுக்கு, "கம்ப்ரசர் போச்சு, உனக்கென்ன தெரியும்"னு நேத்து கத்துனீங்க. நீங்க தூங்கினதும் இதே மாதிரி ஒரு சீட்டு வச்சேன், நழுவிக் கீழே விழுந்துச்சு. கதவு ரப்பர்ல ஒரே அழுக்கு! வெந்நில துடைச்சதும் கும்முனு ஒட்டிக்கிச்சு. கம்ப்ரசர் குத்துக்கல்லாட்டம் நல்லா இருக்கு.

இந்த வித்தையை நீங்கதான் தினமும் போன்ல கஸ்டமருக்கெல்லாம் சொல்றீங்க. வீட்டுக்குன்னா மறந்துடுமா?

குழம்பு உள்ளே இருக்கு, சுட வச்சுக்கோங்க. கோபம் இன்னும் ஆறலை.

பி.கு: பக்கத்துலயே உங்க தண்ணி பாட்டில். குடிச்சதும் பல்லு கூசினா, "நீ சொன்னதுதான் சரி"ன்னு போன் பண்ணணும். கூசலைன்னு பொய் சொல்லக் கூடாது.