கல்லீரலில் கொழுப்பு, ஏணியில் அப்பா

மார்ச் 14, செவ்வாய், பகல் 2.10. எடை தொண்ணூற்று நான்கு கிலோ.

அன்புள்ள குண்டூசிக்கு,

நலமா என்று கேட்டால் "ம்" என்று ஒற்றை எழுத்தில் பதில் போடுவாய், அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இங்கே உன் அம்மா நலம், உன் தம்பி வழக்கம்போல் சோம்பலாக நலம். நான் நலமில்லை. சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. டவர் கிரேன் கேபினில் உட்கார்ந்து எழுதுகிறேன், கான்கிரீட் லாரி வரவில்லை, கொக்கியில் பாரமில்லை, கீழே இறங்கத் தைரியமில்லை.

போன மாதம் கம்பெனி செக்கப்பில் ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்தது. அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, எனக்குத் தெரியாம எங்க குடிக்கிறீங்க என்றாள். ஒரு சொட்டு தொட்டதில்லை, உனக்கே தெரியும். டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனேன். அவர் அசரவில்லை. குடிக்காதவங்களுக்கும் வரும், மேல உட்கார்ந்து என்ன குடிக்கிறீங்க என்றார். மாட்டிக்கொண்டேன். தண்ணீர் குடித்தால் ஒன்றுக்கு இறங்க வேண்டும் என்று கிரேன்காரன் எவனும் தண்ணீர் குடிக்க மாட்டான், இனிப்பு சோடாதான். சோடாவும் தண்ணீர்தான் என்பது இத்தனை வருஷத்தில் ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை. கல்லீரல்தானே, பார்த்துக்கலாம் என்று எழுந்தேன். உட்காருங்க, எனக்குப் பயம் இரத்தக் குழாயைப் பத்தி என்றார். கொழுப்பு ஏறிய கல்லீரல் கொழுப்பையும் சர்க்கரையையும் இரத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்குமாம், குழாயின் உள்சுவர் தடித்து வழி குறுகுமாம், இந்த நோய்க்காரர்களில் கல்லீரல் கெட்டுப் போகிறவர்களைவிட மாரடைப்பில் போகிறவர்கள் அதிகமாம். நெஞ்சு டெஸ்டுக்குச் சீட்டு கொடுத்தார். நான் போகவில்லை. ஏதாவது வந்தால் கிரேன் லைசென்ஸ் போய்விடும், வேறு தொழில் எனக்குத் தெரியாது. கிரேனின் கம்பி வடத்தில் சில இழை அறுந்தாலே வேலையை நிறுத்தி மேனேஜரிடம் கத்துகிறவன், என் விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை கிரேன் லிஃப்ட் ரிப்பேர், ஏணியில் ஏறினேன். பாதியில் நெஞ்சை இறுக்கிப் பிடித்தது, இடது கை மரத்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே சிக்னல் காட்டுவது உன் மாமாதான். என்ன மச்சான், மேல போறீங்களா, அங்கயே குடித்தனம் வைக்கப் போறீங்களா என்று வாக்கி டாக்கியில் கேட்டான். காத்து வாங்கறேன்டா என்றேன். கொஞ்ச நேரத்தில் விட்டது, மேலே வந்துவிட்டேன். இப்போது மறுபடி இறுக்குகிறது. கதவைத் திறந்து ஏணியைப் பார்க்கிறேன், மூடிவிடுகிறேன். சொன்னால் ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்குவார்கள், சைட்டே வேடிக்கை பார்க்கும், அப்புறம் இந்தக் கேபினுக்குள் விடமாட்டார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தேன், கை ஓடவில்லை. எனக்கு முப்பத்தொன்பதுதான் ஆகிறது. லைசென்ஸ் இல்லாத அப்பனை வைத்துக்கொண்டு நீ சமாளித்துக்கொள்வாய்.

நன்றாக இரு, நேரத்துக்குத் தூங்கு, நினைத்தது எல்லாம் உனக்குக் கிடைக்கட்டும். ஹாஸ்டல் மெஷினில் சோடா பாட்டில் வாங்குவதை இன்றோடு விடு, வாதாடாதே.

ஆசீர்வாதத்தோடு,
உன் அப்பா

இப்போதே செய்யப் போவது:

1. கிரேனை அணைப்பேன்.
2. ஏணிப் பக்கம் போக மாட்டேன்.
3. வாக்கி டாக்கியில் உன் மாமாவிடம், காலையிலிருந்து நெஞ்சு வலிக்குது, ஆம்புலன்ஸ் கூப்பிடு என்பேன்.
4. அவன் சிரிப்பான். மறுபடியும் சொல்வேன்.