தையல் கடை முன்னால வளையுற கோடு

அன்பு மக சுண்டெலிக்கு, சாமி புண்ணியத்துல நான் இங்க நல்லாத்தான் இருக்கேன், நீயும் அந்தக் குளிர்ல நேரத்துக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாம இருக்கணும்னு காலையும் மாலையும் வேண்டிக்கறேன். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்ல, இருந்துட்டுப் போகட்டும், அதுகிட்ட வாடகையா கேக்கப் போறேன். மாடி வீட்டு டீச்சர் ரிடையர் ஆயிட்டாங்க, பாடம் நடத்த ஆள் கெடைக்காம இப்ப என்னைப் பிடிச்சு உக்கார வச்சுக்கறாங்க. எதிர்வீட்டு நாய் நாலு குட்டி போட்டிருக்கு.

இதெல்லாம் எழுதி எழுதி நான் நாளைக் கடத்தறேன்டி. போன்ல உன்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன், அதைத் திருப்பி போன்லயே சொல்ல வாய் வரல. ஆராய்ச்சிக்காக நம்ம தெருவைக் கம்ப்யூட்டர்ல கட்டறேன், ஜனங்க எப்படி நடக்கறாங்கன்னு பார்த்து வரைஞ்சு அனுப்புன்னு சொன்ன. நானும் ஜன்னல்கிட்ட ஏழு நாள் உக்காந்து, நீ அனுப்பின தெருப்படத்துல பென்சிலால கோடு போட்டேன். எல்லாக் கோடும் தையல் கடை முன்னால ஏன் வளையுது, அங்க வெறும் சிமெண்ட் தரைதானேன்னு கேட்ட. வயசாச்சுல்ல, கை நடுங்கியிருக்கும்னேன். சரி, நான் நேராக்கிடறேன்னு போனை வச்சுட்ட.

என் கை நடுங்கல. அங்க முன்னாடி கிணறு இருந்துச்சு. என் தங்கச்சி, உன்னைப் பெத்தவ, ஆஸ்பத்திரியில காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லித்தானே உன்னை வளர்த்தேன். இல்லடி, அந்தக் கிணத்துலதான் போனா. சாயந்தரம் தண்ணி இறைக்கப் போனவ, சுவர்க்கல்லு பெயர்ந்து கல்லோட உள்ள போயிட்டா. உனக்கு மூணு வயசு, என் இடுப்புல இருந்த. அடுத்த மாசமே கிணத்தை மூடி மட்டமாப் பூசிட்டாங்க. இருபத்தாறு வருஷம் ஆச்சு, பழைய ஆளுங்க கால் இன்னும் அதைச் சுத்தித்தான் போகுது. அவங்களைப் பார்த்துப் புது ஆளுங்களும். போன மாசம் வந்த கூரியர்காரர் முதல் வாரம் நேராத்தான் வண்டிய விட்டாரு, இப்ப அவரும் ஒடிச்சுத் திருப்பறாரு. ஏன்யான்னு கேட்டேன். எல்லாரும் சுத்தறாங்க, ஏதாச்சும் பள்ளம் கிள்ளம் இருக்கும்னு நெனச்சேன்க்காங்கறாரு. தையல்காரர் தலைய நீட்டி, அக்கா மேப்பு போடறாங்க, ஒழுங்கா வளைஞ்சு போய்யான்னு கிண்டல் பண்ணாரு. எனக்குச் சிரிப்பு வரல.

எட்டாவது படிச்சவ சொல்றேன்னு நெனைக்காத. உன் படத்துல நீளம் இருக்கு, அகலம் இருக்கு, எப்போங்கறதுக்கு ஒரு எடமும் இல்லையே. அந்த இருபத்தாறு வருஷம் அந்த வளைவுலதான் உக்காந்திருக்கு. அதை நேராக்கினா உன் கம்ப்யூட்டர்ல அத்தன பேரும் உன் அம்மா மேல நடந்து போவாங்க.

இன்னொண்ணு இருக்கு. இதைச் சாமிகிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கேன். அன்னைக்குக் காலையில முதல்ல தண்ணி எடுத்தது நான். கை வச்சப்பவே அந்தக் கல்லு ஆடுச்சு. வீட்டுல சொல்லணும்னு நெனச்சேன், அடுப்புல வேலை, நீ அழுதே, சாயந்தரம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். சாயந்தரம் அவ எனக்கு முன்னாடி குடத்தை எடுத்துட்டா. நேத்து மத்தியானம் தெருவுல ஈ காக்கா இல்ல, ஒரு தரமாவது நேரா நடந்துடணும்னு போனேன். அந்த எடம் வந்ததும் கால் தானா ஒதுங்கிடுச்சு. திரும்பிப் பார்த்தா டீச்சர் மாடியில நின்னுக்கிட்டு, வழியில யாருக்கு ஒதுங்கறீங்கன்னு கேட்டாங்க.

கோவம் வந்தா திட்டு, பேசாம மட்டும் இருந்துடாத. சாமி உன்னை எந்தக் கொறையும் இல்லாம காப்பாத்தட்டும், நூறு வயசு இருக்கணும். கோட்டை நேராக்காத, மறந்துடாத. எப்பவும் உன் அம்மான்னு போட்டு முடிப்பேன், இன்னைக்குக் கை வரல.

இப்படிக்கு,
உன் அம்மாவோட அக்கா